இரண்டாவது பந்தி, மூன்றாவது டேக்

ஏரியூர்
9 ஜனவரி 2025

கோகிலவாணி அவர்களுக்கு,

ஏரியூரிலிருந்து மாதவராஜ் எழுதுகிறேன். எந்த மாதவராஜ் என்று யோசிக்க வேண்டாம். ரேடியோ நாடகம் மாதவராஜ்தான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, 'இன்னொரு தடவை' என்று உயிரை வாங்குகிறவன் என்று நீங்களெல்லாம் கேன்டீனில் பேசிக்கொள்வீர்களே, அந்த ஆள்.

இந்த விலாசம் சரிதானா என்று தெரியவில்லை. பழைய ஒப்பந்தப் படிவம் ஒன்றில் அரூர் என்று உங்கள் அப்பா வீட்டு விலாசம் இருந்தது. போன் செய்யாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் சேலத்தில் எனக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, மூச்சு அதன் வழியாகத்தான். பேச்சு கிடையாது.

கடையில் சீட்டு எழுதி நீட்டுகிறேன். மளிகைக்கடை மாதப்பன் எனக்குக் காதும் கேட்காது என்று முடிவு கட்டிவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி 'பருப்பு கால் கிலோவா, அரைக் கிலோவா' என்று கத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து மகன் சங்கர் போன் செய்வான். ஆமாம் என்றால் போனில் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு. சாப்பிட்டீர்களா, ஒரு தட்டு. ஏதாவது வேண்டுமா, இரண்டு தட்டு. நாலு கேள்வியில் முடிந்துவிடும். என் மனைவி அம்பிகா போய் ஆறு வருஷம் ஆகிறது. இருந்திருந்தால், இப்போதாவது நான் சொல்வதைக் கேளுங்கள் என்று சிரித்திருப்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அரூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் சமுதாய வானொலி ஆரம்பித்திருக்கிறார்கள். அதை நடத்துகிற கனிமொழி என்ற பெண் என்னைத் தேடி வந்தாள். இந்த மாவட்டத்தில் எடுத்த பழைய நாடகம் ஏதாவது இருந்தால் ஒலிபரப்பலாம் என்றாள். என்னிடம் இருப்பது ஒன்றுதான், 'இரண்டாவது பந்தி'. அதில் சின்னம்மாளாக நடித்தது நீங்கள். நடித்த நாலு பேரில் மூன்று பேர் இப்போது இல்லை. உங்கள் சம்மதம் இருந்தால்தான் போடுவேன் என்று அந்தப் பெண்ணிடம் எழுதிக் காட்டிவிட்டேன்.

ஒரு தாளில் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். உங்கள் குரலை மறுபடி கேட்டேன். அப்படி ஒரு சிரிப்பை நான் வேறு யாரிடமும் பதிவு செய்ததில்லை.

அன்புடன்,
மாதவராஜ்


அரூர்
21 ஜனவரி 2025

சாருக்கு,

கடிதம் வந்தது. விலாசத்தில் கதவு எண் தப்பு. தபால்காரர் கிருஷ்ணப்பன் தெரிந்தவர் என்பதால் கொண்டுவந்து கொடுத்தார்.

உங்களுக்குக் குரல் போனதைப் படித்து வருத்தப்பட்டேன். எதிரிக்கும் வரக்கூடாது. உங்களை எதிரி என்று சொல்லவில்லை. என்னவென்று சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஆறு வருஷம் உங்கள் நாடகங்களில் நடித்தேன். 2000, செப்டம்பர் 14. நாடகப் பதிவு நடந்துகொண்டிருந்தபோது நீங்கள் ஸ்டுடியோவுக்குள் வந்து, தொப்பூரில் என் வீட்டுக்காரருக்கு அடிபட்டுவிட்டது என்று சொன்னீர்கள். அவருடைய வொர்க்‌ஷாப்புக்குள் பிரேக் பிடிக்காத லாரி ஏறிவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் போய்விட்டார். எனக்கு வயசு முப்பது, சந்தியாவுக்கு நாலு. அதற்கப்புறம் நீங்கள் ஒரு நடை வரவில்லை. ஒரு கார்டு போடவில்லை. கேன்டீனில் டீ கொடுக்கிற அம்மாகூட பஸ் ஏறி வந்து என்னைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்.

அது போகட்டும். பதினாறாம் நாள் காரியம்கூட ஆகவில்லை, பதிமூன்றாம் நாள் அந்த நாடகத்தை ஒலிபரப்பினீர்கள். வீட்டில் துக்கத்துக்கு வந்த ஜனம் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டு ரேடியோவில் நான் சிரிக்கிறேன். 'வாங்க, வீட்டுக்குப் போலாம்' என்று புருஷனைக் கூப்பிட்டுவிட்டு அப்படிச் சிரிக்கிறேன். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் மாமியார் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றைக்கு அந்தக் கல்யாணச் சாப்பாட்டுக் கதையைப் போடாமல் இருந்திருந்தால் தர்மபுரி ஜில்லா பட்டினி கிடந்திருக்காது.

அப்புறம் நான் எந்த மைக் முன்னாலும் நிற்கவில்லை. சத்துணவு மையத்தில் அமைப்பாளர் வேலை கிடைத்தது. ஓய்வு பெற இன்னும் சில வருஷம் இருக்கிறது. என்னால் சம்மதம் தர முடியாது. போன் நம்பரும் எழுதவில்லை. என் குரல் உங்களிடம் இருக்கிற அளவே போதும்.

கோகிலவாணி


ஏரியூர்
2 பிப்ரவரி 2025

கோகிலவாணி அவர்களுக்கு,

நீங்கள் எழுதியது அத்தனையும் நியாயம். பதிமூன்றாம் நாள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. மாத நிகழ்ச்சி நிரல் முன்னாலேயே அச்சாகி இருந்தது, மாற்ற நான் முயற்சி செய்யவில்லை. முயன்றிருந்தால் மாற்றியிருக்கலாம். ஒரு பாட்டுத்தட்டைப் போட்டிருந்தால்கூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வராமல் போனதற்கு நான் காரணம் சொல்லப் போவதில்லை.

ஆனால் மறுபடியும் கேட்கிறேன். வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். முப்பத்தொரு வருஷம் அந்த வேலை பார்த்தேன். இருநூற்று எண்பது நாடகங்கள். வத்தல்மலையில் மழை பெய்கிற சத்தம் வேண்டும் என்று ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய், மூன்று நாள் மழையே பெய்யாமல் சாமை வயல் ஓரத்தில் குந்தியிருந்தவன் நான். நாலாம் நாள் பெய்தபோது ரெக்கார்டரில் பேட்டரி தீர்ந்திருந்தது. அங்கிருந்த விவசாயி ஒருவர், 'இத்தனை நாளு மழைக்கு நாங்க காத்திருப்போம், நீங்க எதுக்குங்க காத்திருக்கீங்க' என்று கேட்டார்.

அந்த நாடகங்களில் ஒன்றுகூட இப்போது நிலையத்தில் இல்லை. ஒலிநாடாவுக்குத் தட்டுப்பாடு. ஒலிபரப்பினதும் அழித்துவிட்டு அதே நாடாவில் வேறு நிகழ்ச்சி பதிவு செய்வார்கள். அப்போது அது எங்களுக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது. என் நாடகத்தின் மேல் யாரோ மண்புழு உரம் பற்றிப் பேசியிருப்பார். பேசட்டும், அதுவும் தேவைதான். ஆனால் நான் செத்த பிறகு, இந்த ஆள் என்ன செய்தான் என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு சத்தம் கிடையாது. என் குரலும் கிடையாது.

'இரண்டாவது பந்தி' ஒன்றுதான் பிழைத்திருக்கிறது. நான் அதை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டதால். கனிமொழி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தாள். கடைசிக் காட்சிக்கு நாம் எடுத்த மூன்று டேக்கும் அந்த நாடா ஸ்பூலில் அப்படியே இருக்கிறது. மூன்றையும் கேட்டேன். ஒலிபரப்பானது மூன்றாவது. கேட்கக் கேட்க, முதல் டேக்தான் நன்றாக இருக்கிறது. நீங்கள் அதில் 'வீட்டுக்குப் போலாம்' என்பதற்குப் பதில் 'வூட்டுக்குப் போலாம்' என்று சொல்லிவிட்டீர்கள். அதற்காகத்தான் மறுபடி எடுத்தோம். இப்போது எஃப்.எம்.மில் பேசுகிற பேச்சைக் கேட்டால், நாம் ஓர் எழுத்துக்காகவா அவ்வளவு பாடுபட்டோம் என்று இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். கட்டாயம் இல்லை.

மாதவராஜ்


அரூர்
15 பிப்ரவரி 2025

சாருக்கு,

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். போன கடிதத்தில் காட்டமாக எழுதிவிட்டேன். எழுதி முடித்ததும் மனசு லேசானது, தபாலில் போட்டதும் பாரமாகிவிட்டது.

வூடு வூடு என்று என் வாயில் வந்ததும் நீங்கள் திட்டினதும் ஞாபகம் இருக்கிறது. நான் பிறந்ததிலிருந்து வூட்டில் இருந்தவள். திடீரென்று வீட்டுக்குள் போ என்றால் எப்படி. என் வீட்டுக்காரர் நஞ்சப்பன் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார். பதிவுக்குக் கிளம்பும்போது, 'வீட்டுக்காரம்மா போயிட்டு வாங்க, வூட்டுக்காரன் சாயந்தரம் வந்து கூட்டிக்கிறேன்' என்பார். அன்றைக்கும் சொன்னார்.

இந்த இருபத்து நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன். பேச முடியாதவரிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது.

அவர் அந்த இடத்திலேயே போய்விட்டார் என்றுதான் சந்தியாவிடம் சொல்லி வளர்த்தேன். அது பொய். ஆஸ்பத்திரியில் நினைவோடு இருந்தார், பேசினார். பன்னிரண்டே காலுக்குத்தான் போனார். நான் போய்ச் சேர்ந்தது பன்னிரண்டு இருபத்தைந்து. 'கோகிலா வந்துட்டாளா' என்று கேட்டுக்கொண்டே இருந்தார் என்று நர்ஸ் சொன்னார். நீங்கள் ஜீப்பை வரச்சொல்லி வாசலில் நின்றீர்கள். நான் ஏறப்போகும்போது என் டிபன் கேரியர் உள்ளே இருக்கிறது என்று திரும்பி ஓடினேன், ஞாபகம் இருக்கிறதா. அந்த நேரத்தில் எனக்குப் பாத்திரம். புளிசாதம் மிச்சம் இருந்த ஒரு டிபன் கேரியர். அதை எடுத்து வர இரண்டு மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். அந்த இரண்டு மூன்று நிமிஷத்தை நான் தினமும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அதை விட்டுவிட்டு ஓடியிருந்தால், நிலையத்துக் கேட்டைத் திறக்கச் சொல்லிச் சத்தம் போட்டிருந்தால், அவர் என் முகத்தைப் பார்த்திருப்பாரோ என்று. சந்தியாவிடம் எப்படிச் சொல்வது, உன் அப்பா கேட்டுக்கொண்டிருந்தபோது உன் அம்மா பாத்திரம் எடுக்கப் போனாள் என்று.

நீங்கள் அன்றைக்குச் செய்தது எனக்குத் தெரியும். விஷயம் தெரிந்ததும் ஓடிவந்து சொன்னீர்கள். உங்கள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஜீப்பை அடித்துப் பிடித்து வரவழைத்தீர்கள். அப்புறம் நீங்கள் வராததும், நாடகத்தைப் போட்டதும் தப்புதான். ஆனால் ஓடிவந்ததை மறந்துவிட்டுத் தப்பை மட்டும் பேசுவது சரியில்லை.

ஒரு மனுஷனுக்கு முப்பத்தொரு வருஷத்தில் ஒன்றுதான் மிஞ்சும் என்றால், அதை என் பிடிவாதத்தால் கெடுக்க வேண்டாம். சம்மதக் கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோகிலவாணி


ஏரியூர்
1 மார்ச் 2025

கோகிலவாணி அவர்களுக்கு,

உங்கள் சம்மதக் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். கனிமொழியிடம் கொடுக்கவில்லை.

பத்து நாளாக இதை எழுதுவதா வேண்டாமா என்று இருந்தேன். எழுதாமல் விட்டால் என் நாடகம் காற்றில் வரும். உங்களுக்கு என் மேல் நல்ல எண்ணமும் இருக்கும். இரண்டும் எனக்கு வேண்டும். இந்த வீட்டில் நாள் முழுவதும் ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருக்கும்போது, உங்கள் கடைசிக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்வேன். 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற இடத்தை மட்டும் படிப்பேன். ஆனால் அந்த டிபன் கேரியரை வைத்துக்கொண்டு நான் உட்கார முடியாது. அது என்னுடையது.

நடந்ததைச் சொல்கிறேன். முதல் டேக் முடிந்ததும் கன்ட்ரோல் ரூமில் போன் அடித்தது. மணி பதினொன்று நாற்பது. பதிவுப் பொறியாளர் தர்மன் எடுத்து என்னிடம் நீட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர். நஞ்சப்பன் என்று ஒருவரை லாரி அடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள், இந்த நம்பரை அவரே சொன்னார், அவர் சம்சாரம் அங்கே நாடகத்தில் இருக்கிறாராம், சீக்கிரம் அனுப்புங்கள் என்றார். ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். 'பேசிட்டுதான் இருக்காருங்க, ஆனா சீக்கிரம் வரச்சொல்லுங்க' என்றார்.

நான் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். பேசிக்கொண்டுதான் இருக்கிறார். மனுஷருடைய குரலை வைத்தே ஆளை எடை போடுகிறவன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது அல்லவா. அந்த ஆளின் குரலில் இருந்த அவசரம் எனக்குக் கேட்டது. கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். தர்மன், 'சார், சொல்லிருவோம்' என்றார். இந்தக் காட்சி ஒன்றுதான் பாக்கி, இதை விட்டால் இனி நாலு பேரையும் சேர்த்துப் பிடிக்க ஒரு மாசம் ஆகும், ஐந்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடும் என்றேன்.

முதல் டேக் இருந்தது. அதை வைத்துக்கொண்டு உங்களை அனுப்பியிருக்கலாம். அதில் இருந்த ஒரே குறை ஓர் எழுத்து. வீ வரவேண்டிய இடத்தில் வூ. நான் மைக் பொத்தானை அழுத்தி, 'இன்னொரு தடவை, வூடு இல்லை, வீடு' என்று சொன்னேன். இரண்டாவது டேக்கில் வீடு சரியாக வந்தது, சிரிப்பு சரியாக வரவில்லை. அதனால் மூன்றாவது. அது முடிந்து நான் உள்ளே வந்து உங்களிடம் சொன்னபோது மணி பன்னிரண்டு இரண்டு. இருபத்திரண்டு நிமிஷம். என் கை நடுங்கியது இரக்கத்தால் அல்ல. செய்தது என்னவென்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

உங்கள் வீட்டுக்கு வராததற்குக் காரணம் சொல்ல மாட்டேன் என்று எழுதியிருந்தேன். இதுதான் காரணம். தர்மன் என்னோடு அதற்கப்புறம் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அவரும் போன வருஷம் காலமாகிவிட்டார். இப்போது இது தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் செய்ததற்குச் சாட்சியாக இருக்கட்டும் என்றுதான் அந்த ஸ்பூலை அழிக்க விடாமல் எடுத்து வந்தேன் என்று இவ்வளவு நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒலிபரப்பலாம் என்று ஒருத்தி வந்து கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் தாமதிக்கவில்லை. தாமதித்தது நான். மன்னிப்பு கேட்கிறேன். மன்னிப்பீர்களா என்றும் கேட்கிறேன்.

மாதவராஜ்


ஏரியூர்
4 ஏப்ரல் 2025

கோகிலவாணி அவர்களுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. கடிதம் கிடைத்ததா என்று மட்டும் தெரிந்தால் போதும். தபாலில் தொலைந்து, நீங்கள் இன்னும் அந்த டிபன் கேரியரைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறீர்களோ என்று பயமாக இருக்கிறது. கிடைத்தது என்று ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். மின்சாரக் கட்டணச் சீட்டு ஒன்று வந்தது.

மாதவராஜ்


அரூர்
19 ஏப்ரல் 2025

மாதவராஜ் அவர்களுக்கு,

கிடைத்தது.

படித்துவிட்டு மையத்துக்குப் போய் அன்றைக்கு நூற்றிருபது பிள்ளைகளுக்குச் சாம்பாரும் முட்டையும் போட்டேன். பூவிழி என்று எனக்கு உதவியாக ஒரு பெண் இருக்கிறாள். 'அக்கா, ஏன்க்கா சிரிக்கிறீங்க' என்று கேட்டாள். நான் சிரித்தது எனக்கே தெரியவில்லை. இருபத்து நாலு வருஷமாக ஒரு புளிசாதப் பாத்திரத்திடம் தோற்றுப் போயிருக்கிறேன் என்று நினைத்தேனா, என்னவோ. அப்புறம் இரண்டு நாள் லீவு போட்டேன்.

போன வாரம் அந்தக் கல்லூரிக்குப் போனேன். கனிமொழியிடம் நான் யார் என்று சொல்லி, மூன்று டேக்கும் கேட்க வேண்டும் என்றேன். நல்ல பெண். ஹெட்போனைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

முதல் டேக்கில் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. சாயந்தரம் வூட்டுக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போவார் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறாள். எனக்கு அவளைத் தெரியும், பார்த்து வெகுநாள் ஆகிவிட்டது.

மூன்றாவது டேக்குக்கு முன்னால் உங்கள் குரல் பதிவாகியிருக்கிறது. நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தில் அது இல்லை. 'கோகிலா, மனசுல ஒரு கவலையும் இல்லாத மாதிரி சிரிக்கணும்மா. அவர் வந்துட்டாரு, அவ்வளவுதான் உங்களுக்கு வேணும்.' அம்மா என்று வேறு சொல்லியிருக்கிறீர்கள். அவர் அங்கே கிடக்கிறார் என்று தெரிந்து, அந்தக் குரலில் அவ்வளவு பிரியமாக எப்படிச் சொன்னீர்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. நான்கு தடவை கேட்டேன். கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

உங்கள் குரல் போனது எனக்கு இப்போது வருத்தமாக இல்லை. இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

நாடகத்தைப் போடலாம். புதுச் சம்மதத்தை கனிமொழியிடமே எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று விஷயம். முதலாவது, கடைசிக் காட்சிக்கு முதல் டேக்தான் வர வேண்டும், வூடு என்று நான் சொன்னபடியே. அது என்னுடையது, அதை நீங்கள் யாரும் என்னிடமிருந்து எடுக்கவில்லை. இரண்டாவது, முடிந்ததும் பெயர்கள் சொல்வீர்கள் அல்லவா, அதில் இயக்கம் என்று யார் பெயரும் வரக் கூடாது. மூன்றாவது, அந்த இடத்தில் என் வீட்டுக்காரர் நஞ்சப்பன் பெயர் வர வேண்டும். அவர் நடிக்கவில்லை, எழுதவில்லை, இசை போடவில்லை. என்ன என்று போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. வார்த்தை உங்கள் தொழில். நீங்களே யோசியுங்கள்.

கோகிலவாணி


ஏரியூர்
2 மே 2025

கோகிலவாணி அவர்களுக்கு,

சிரிக்கச் சொன்ன அந்த வரியைக் கடிதத்தில் எழுதியிருந்தேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். வேறு தாளில் பிரதி எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். ஸ்பூலில் அடிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் நீங்கள் போய்க் கேட்க மாட்டீர்கள் என்று நினைத்தேன். கடைசி வரை நான் அந்த ஆள்தான்.

எப்படி நடுங்காமல் சொன்னீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் எனக்கு நீங்கள் இல்லை, சின்னம்மாள்தான் இருந்தாள்.

கனிமொழி வந்திருந்தாள். முதல் டேக்கைச் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். இணைத்த இடம் காதுக்குத் தெரியாது. பெயர் வாசிக்க வேண்டிய தாளையும் எழுதிக் கொடுத்தேன். முப்பத்தொரு வருஷம் அந்தத் தாளின் கடைசி வரியில் என் பெயரை எழுதிப் பழகிய கை. வார்த்தைக்கு ஒன்பது நாள் ஆனது. 'நினைவாக' என்று முதலில் எழுதினேன். அது எல்லோருக்கும் போடுவது. 'நன்றி' என்று எழுதினேன். நன்றி சொல்ல நான் யார். கடைசியில் நர்ஸ் உங்களிடம் சொன்னதிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன். தாளில் இருப்பது இது.

நீங்கள் கேட்டது 'இரண்டாவது பந்தி', நாடகம். சின்னம்மாளாக கோகிலவாணி. மற்றவர்கள் முத்துராஜ், கரியன், சாலம்மாள். ஒலிப்பதிவு தர்மன். காத்திருந்தவர் நஞ்சப்பன்.

அவ்வளவுதான். வாசிக்கப் போகிற மாணவன் கடைசி வரியைக் கேட்டு ஏதோ தப்பு என்று நினைத்திருக்கிறான். இதை மாற்றக் கூடாது என்று கனிமொழி சொல்லிவிட்டாளாம். மே பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. அந்த அலை ஏரியூர் வரைக்கும் எட்டாது. போனில் கேட்க ஏதோ வழி இருக்கிறதாம், இறக்கித் தருகிறேன் என்று கனிமொழி சொன்னாள். இரண்டு தட்டு தட்டினேன். அவளுக்குப் புரியவில்லை, வேண்டாம் என்று எழுதிக் காட்டினேன்.

மாதவராஜ்


அரூர்
26 மே 2025

மாதவராஜ் அவர்களுக்கு,

நாடகம் போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு வந்தது. சந்தியா ஓசூரிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு இருபத்தெட்டு வயசு, நான் நடித்து அவள் ஒன்றுகூடக் கேட்டதில்லை. சமையலை முடித்துவிட்டு இரண்டு பேரும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நடுவில் அந்தப் பாயசம் பத்தாமல் போகிற இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நாடகம் நன்றாகத்தான் இருக்கிறது. அதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

கடைசிக் காட்சியில் நான் எழுந்து போய்விடுவேன் என்று நினைத்தேன். போகவில்லை.

மன்னிப்பீர்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. பல விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன், வரவில்லை. ஆனால் நீங்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம், கையெழுத்து உங்கள் கையில் இருந்தது. அது எனக்குத் தெரியும். இந்த இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துச் சமன் செய்ய என்னால் ஆகாது. இரண்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். உங்களுக்கு எழுத வேறு யாரும் இல்லை என்று தெரிந்துதான் சொல்கிறேன். சங்கரிடம் கடிதம் எழுதிப் போடச் சொல்லுங்கள். தட்டுகளை வைத்துக்கொண்டு ஒரு அப்பா எத்தனை நாள் இருக்க முடியும். என்னால் உங்கள் கையெழுத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பெயர்கள் வாசித்து முடித்ததும் சந்தியா என்னைப் பார்த்தாள். 'அப்பா பேரும்மா' என்றாள். ஆமாம் என்றேன். அப்புறம், 'அப்பா யாருக்குமா காத்திருந்தாரு' என்று கேட்டாள்.

எனக்கு என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் லாரி, ஆஸ்பத்திரி, டிபன் கேரியர், பதினொன்று நாற்பதுக்கு வந்த போன், எல்லாவற்றையும் சொன்னேன். சோறு ஆறிப்போகும் வரைக்கும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த நாடகத்தை எடுத்தவர் யார், பெயர் சொல்லவில்லையே என்றாள்.

உங்கள் பெயரைச் சொன்னேன்.

கோகிலவாணி